குழலின்மேல் ஒரு பெயர்



பழைய துப்பாக்கி ஒன்றைச் செய்த கைவினைஞர் யார் என்று கண்டறிவது எப்படி? இவ்வாரம் இக்கேள்வியை உங்கள்முன் வைக்கிறேன். ஆயுதத்துக்கும் தியானத்துக்கும் என்ன உறவு என்று சிலர் வினவக்கூடும். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடிச் செல்பவர்கள் இறுதியில் வந்து சேரும் இடங்களுள் ஒன்று, ஜெபத்துக்கும் பாடலுக்கும் மிஷனெரி ஊழியத்துக்கும் பெயர்பெற்ற ஒரு சபையின் பட்டறை. ஆகவே சிறிது பொறுமையோடு என்னுடன் வாருங்கள்.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜெர்மன் மொழி பேசும் நாடுகளிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் திரளான குடியேறிகள் வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்கு வந்தார்கள். அவர்களுள் துப்பாக்கிக் கொல்லர்களும் இருந்தார்கள். தங்கள் தாய்நாட்டு வேட்டைக்காரர்கள் பயன்படுத்திய குட்டையான, கனத்த ரைபிளைச் செய்யும் முறையை அவர்கள் அறிந்திருந்தார்கள். புதிய நாட்டின் காடுகளுக்கேற்ப அதன் குழலை நீட்டினார்கள். குண்டின் அளவைக் குறைத்தார்கள். கட்டைக்கு அந்நாட்டு மேப்பிள் மரத்தைத் தெரிந்துகொண்டார்கள். இவ்வாறு பிறந்ததே அமெரிக்க நெடுங்குழல் ரைபிள். அதன் குழல் பெரும்பாலும் 42 முதல் 46 அங்குல நீளமுடையது. பென்சில்வேனியாவில் உருவான இக்கருவியை உலகம் 'கென்டக்கி ரைபிள்' என்றே அழைக்கிறது. 1815ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் போருக்குப் பின் கென்டக்கி வேட்டைக்காரர்களைப் புகழ்ந்து எழுந்த ஒரு பாடல் அப்பெயரைப் பரப்பியது. பயன்படுத்தினவர்களின் ஊர் நிலைத்தது. செய்தவர்களின் ஊர் மறைந்தது. தனித்தனிக் கைவினைஞர்களுக்கும் பலவேளைகளில் இதுவே நேர்ந்தது.

இத்துப்பாக்கி வேலை செய்யும் விதத்தை அறிந்தால் செய்தவரின் உழைப்பு விளங்கும். குழலின் வாய்வழியே முதலில் வெடிமருந்தைக் கொட்டவேண்டும். பின்பு எண்ணெய் தடவிய துணித்துண்டில் ஈயக் குண்டைப் பொதிந்து, நீண்ட கோலால் அடிவரை இடித்துச் செலுத்தவேண்டும். குழலின் பக்கத்திலுள்ள சிறு கிண்ணியில் சிட்டிகை மருந்து இடப்படும். விசையை இழுத்தவுடன் சக்கிமுக்கிக் கல்லைக் கவ்விய குதிரை முன்னோக்கிப் பாய்ந்து எஃகுத் தகட்டில் மோதும். எழும் தீப்பொறி கிண்ணியில் விழும், அங்கிருந்து சிறு துளை வழியாகக் குழலுக்குள் தீ செல்லும், குண்டு புறப்படும். குழலின் உட்புறத்தில் திருகலாக வெட்டப்பட்ட வரிப்பள்ளங்கள் குண்டைச் சுழலச் செய்வதால் அது திசை மாறாமல் செல்லும். ரைபிள் என்ற பெயருக்குக் காரணமே அந்தப் பள்ளங்கள்தாம்.

இவையனைத்தையும் ஒரு சிறு பட்டறையில் கையாலேயே செய்தார்கள். நீண்ட இரும்புப் பட்டையை உலையில் காய்ச்சி, ஒரு கம்பியைச் சுற்றி வளைத்து, விரல்விரலாகச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைத்தார்கள். பின் துளையைச் சீராக்கி, வளைவு நீக்கி, வெளிப்புறத்தை எட்டுப் பட்டையாக அராவி, உள்ளே பள்ளங்களை வெட்டினார்கள். அதன்பின் மரவேலை, பித்தளை வார்ப்பு, வெள்ளி பதித்தல், செதுக்கு வேலை. கொல்லனும் தச்சனும் கன்னானும் சிற்பியும் ஒரே பட்டறையில் கூடியிருந்தார்கள். குழல்களையும் விசைப்பொறிகளையும் விலைக்கு வாங்கிப் பொருத்தியவர்களும் உண்டு. ஆகவே 'இதைச் செய்தவர் யார்?' என்ற கேள்வியே பலவேளை 'இதைச் செய்தவர்கள் யார் யார்?' என்று மாறிவிடுகிறது.

இனி, செய்தவரைக் கண்டறிய ஆய்வாளர் யார் யாரைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

முதற்சாட்சி, குழலின் மேல்பட்டையில் பொறிக்கப்பட்ட பெயர். கொல்லர்கள் கையொப்பமிடும் வழக்கமான இடம் அதுவே. ஆனால் அதை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். அக்காலத்தில் 'ஜே' என்னும் ஆங்கில எழுத்தின் இடத்தில் 'ஐ' என்ற எழுத்தையே பொறிப்பதுண்டு. எனவே 'ஐ' என்று தொடங்கும் பெயர் யாக்கோபாகவோ யோவானாகவோ இருக்கலாம். மேலும் ஒரே பெயர் ஒரு குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வரும். லங்காஸ்டர் நகரில் புகழ்பெற்ற துப்பாக்கிக் கொல்லர் வில்லியம் ஹென்றி. அவர் மகனும் வில்லியம் ஹென்றி. பேரனும் வில்லியம் ஹென்றி. மூவரும் அத்தொழிலிலேயே இருந்தார்கள். பெயர் தெரிந்தும் ஆள் தெரியாத நிலை இங்கே எழுகிறது.

இரண்டாம் சாட்சி, விசைப்பொறியின் தகட்டிலுள்ள பெயர். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அமெரிக்கக் கொல்லர் பலர் இங்கிலாந்திலும் ஜெர்மன் நாடுகளிலும் செய்த விசைப்பொறிகளை வாங்கிப் பொருத்தினார்கள். பர்மிங்காமின் கெட்லண்ட் குடும்ப நிறுவனத்தின் பெயர் எத்தனையோ அமெரிக்க ரைபிள்களின் தகட்டில் காணப்படுகிறது. அப்பெயர் பொறியை விற்றவரைச் சொல்லுமேயன்றி, துப்பாக்கியைச் செய்தவரைச் சொல்லாது. குழலுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பழைய குழலை எடுத்துப் புதிய கட்டையில் ஏற்றுவது அந்நாளில் சாதாரணமாக நடந்தது.

மூன்றாம் சாட்சி, கட்டையின் உருவம். லங்காஸ்டர் பகுதியில் அடிக்கட்டையின் கோடுகள் நேராக ஓடும். லீஹை பள்ளத்தாக்கில் மெல்ல வளைந்து இறங்கும். துணித்துண்டு வைக்கும் பேழையின் பித்தளை மூடி லங்காஸ்டரில் பலமுறை டெய்சி மலர் வடிவில் முடியும். கன்னம் சாயும் பகுதிக்குப் பின்னுள்ள செதுக்கு வேலையில் ஒவ்வொரு ஆசானுக்கும் தனி நடை உண்டு. உளி திரும்பும் விதம், சுருள் முடியும் இடம் இவை கையெழுத்தைப்போல் ஒருவரைக் காட்டிக்கொடுக்கும். ஜோ கிண்டிக் 1960ஆம் ஆண்டிலும், ஜார்ஜ் ஷம்வே 1980ஆம் ஆண்டில் இரண்டு தொகுதிகளாகவும் வெளியிட்ட நூல்கள், இப்படி நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை அருகருகே வைத்து ஒப்பிட வழிசெய்தன.

நான்காம் சாட்சி, வெளியே தெரியாத பகுதி. குழலைக் கட்டையிலிருந்து கழற்றிப் பார்த்தால் அடிப்புறத்தில் சிறு முத்திரைகளும் அரத்தின் தடங்களும் கிடைக்கும். பிற்காலத்தில் செய்த மாற்றங்களும் அங்கே வெளிப்படும். இவ்விடத்தில் ஒரு போதகரை நினைவுகூர வேண்டும். ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி சபைப் போதகர் அலெக்சாண்டர் ஜான் போர்சைத், பறவை வேட்டையில் விருப்பமுடையவர். கிண்ணியில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் தப்பிவிடுவதைக் கவனித்து, அடித்தவுடன் தானே வெடிக்கும் மருந்தால் தீமூட்டும் முறையைக் கண்டுபிடித்தார். 1807ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதிலிருந்து வளர்ந்த தொப்பி வெடி முறை பரவியபோது சக்கிமுக்கித் துப்பாக்கிகள் ஏராளமாக மாற்றியமைக்கப்பட்டன. பின்னாளில் பழம்பொருளுக்கு மதிப்பு ஏறியபோது அவற்றுட் பலவற்றை மீண்டும் பழைய உருவுக்குத் திருப்பினார்கள். இந்த இரு மாற்றங்களின் தழும்புகளையும் உள்ளிருக்கும் இரும்பு மறைப்பதில்லை.

ஐந்தாம் சாட்சி, ஏடுகள். வரிப்பட்டியல்கள் ஒருவரின் தொழிலைக் குறிக்கின்றன. உயில்களும் இறந்தவரின் உடைமைப் பட்டியல்களும் பட்டறையிலிருந்த கருவிகளை எண்ணிச் சொல்கின்றன. தொழில் பயிலும் ஒப்பந்தங்கள் யார் யாரிடம் கற்றார் என்பதைக் காட்டுகின்றன. சபைகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளோ தந்தையையும் மகனையும் வேறுபடுத்த உதவுகின்றன. ஏதோ ஒரு போதகர் ஓர் ஞாயிறன்று சிரத்தையோடு எழுதிவைத்த ஒரு வரி, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் உழைப்பாளியின் பெயரை மீட்டுத் தருகிறது. நம் சபைப் பதிவேடுகளைப் பேணுகிறவர்கள் இதைச் சிந்தையில் வைப்பார்களாக.

இந்த ஏடுகளே நம்மை மொராவிய சகோதரரிடம் கொண்டுவருகின்றன. சின்சென்டார்ப் பிரபுவின் ஆதரவில் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மறுமலர்ச்சி அடைந்த இச்சபையை நம் நாடும் அறியும். 1760ஆம் ஆண்டு அவர்கள் தரங்கம்பாடிக்கு வந்து, அருகில் 'சகோதரர் தோட்டம்' என்ற குடியிருப்பை அமைத்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அங்கே வாழ்ந்தார்கள். அங்கிருந்து நிக்கோபார் தீவுகளுக்குச் சென்று காய்ச்சலால் மாண்டவர்கள் பலர். அதே சபையார் பென்சில்வேனியாவில் பெத்லகேம், நாசரேத், லிட்டிஸ் என்னும் ஊர்களை நிறுவினார்கள். நாசரேத்துக்கு அருகே சின்சென்டார்பின் மகன் கிறிஸ்டியன் ரெனாட்டஸ் பெயரால் அமைந்த குடியிருப்பே கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங். திருமணமாகாத சகோதரரும் தொழில் பயிலும் சிறுவரும் அங்கே கூடி வாழ்ந்தார்கள்.

1760களின் தொடக்கத்தில் அங்கே ஒரு துப்பாக்கிப் பட்டறை எழுந்தது. அதன் ஆசான் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட். ஜெர்மனியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பெயர்போன சூல் நகரின் அருகே 1718ஆம் ஆண்டு பிறந்து, 1750ஆம் ஆண்டு அமெரிக்கா வந்தவர் அவர். 1766ஆம் ஆண்டு பட்டறையின் பொறுப்பு அவருடைய மாணவர் கிறிஸ்டியன் ஓர்ட்டரின் கைக்கு வந்தது. அப்போது ஓர்ட்டருக்கு வயது இருபதுகூட நிறையவில்லை. ஆல்பிரெக்ட் பின்னர் லிட்டிஸ் சென்று அங்கேயும் தொழில் கற்பித்து, 1802ஆம் ஆண்டு இளைப்பாறினார். வில்லியம் ஹென்றியின் மகன் வில்லியம் அங்கே அவரிடம் பயின்றவரே.

ஆசானுக்கும் மாணவருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஆல்பிரெக்ட் தம் பெயரைப் பொறித்த துப்பாக்கிகள் மிக அரியவை. ஓர்ட்டரோ தம் வேலையில் பெயரையும் ஆண்டையும் பொறித்தார். அதனால் ஓர்ட்டரின் துப்பாக்கிகள் அளவுகோலாக நிற்கின்றன. பெயரற்ற மற்றவற்றை அவற்றோடு ஒப்பிட்டே அந்தப் பட்டறையின் கை இது என்று அறிகிறார்கள்.

ஓர்ட்டர் 1775ஆம் ஆண்டு செய்த ஒரு ரைபிளின் கதை கேட்கத்தக்கது. பென்சில்வேனியாவின் வேலி போர்ஜ் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த அது 1971ஆம் ஆண்டு அக்டோபரில் திருடப்பட்டது. ஏறத்தாழ 47 ஆண்டுகள் அதைப்பற்றி ஒரு செய்தியும் இல்லை. 2018ஆம் ஆண்டு பழம்பொருள் வணிகர் ஒருவர் ஒரு களஞ்சிய விற்பனையில் ஒரு பழைய துப்பாக்கியை வாங்கினார். முதலில் அதைப் பிற்காலப் பிரதி என்றே எண்ணினார். நெருங்கி ஆராய்ந்தபோது, அது மெய்யாகவே ஓர்ட்டரின் வேலை என்றும், களவுபோன அந்த ரைபிளே என்றும் உணர்ந்தார். செய்தியை அதிகாரிகளுக்குத் தெரியப்படுத்தினார். 2019ஆம் ஆண்டு அது உரியவர்களிடம் ஒப்படைக்கப்பட்டு, பிலடெல்பியாவிலுள்ள அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் மக்கள் காண வைக்கப்பட்டது. குழலின்மேல் பெயரும் ஊரும் ஆண்டும் இருந்தன. ஆயினும் அவற்றை நேர்மையோடு வாசிக்க ஒருவர் வரும்வரை அவை இருளில் கிடந்தன.

பிரியமானவர்களே, இக்கதையில் இரண்டு காரியங்கள் என் மனதை அழுத்துகின்றன.

முதலாவது, பெயரைக் குறித்த உண்மை. பெயரில்லாத துப்பாக்கியைவிடப் புகழ்பெற்ற கொல்லரின் பெயருள்ள துப்பாக்கிக்கு விலை பலமடங்கு அதிகம். ஆகவே வெறுமையாயிருந்த குழலில் பிற்காலத்தில் ஒரு பெயரைச் செதுக்கி விற்றவர்கள் உண்டு. பார்வைக்கு அது சிறு குற்றம். ஆனால் அதில் மூவர் வஞ்சிக்கப்படுகிறார்கள். வாங்குகிறவர் பணத்தை இழக்கிறார். புகழ்பெற்றவர் தாம் செய்யாத வேலைக்குப் பொறுப்பாகிறார். மெய்யாகவே உழைத்த எளியவரோ இரண்டாம் முறை மறக்கடிக்கப்படுகிறார். அதனால்தான் நல்ல ஆய்வாளர்கள் சொற்களை அளந்து பேசுகிறார்கள். 'இன்னார் செய்தது' என்பதற்கும் 'இன்னார் செய்ததாகக் கருதப்படுகிறது' என்பதற்கும் இடையே அவர்கள் காக்கும் தூரம் பெரியது. பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கட்டளை நீதிமன்றத்துக்கு மாத்திரமல்ல, இறந்துபோனவரின் உழைப்பைப்பற்றிப் பேசும்போதும் பொருந்தும் என்பதை இந்த எச்சரிக்கை எனக்குக் கற்பிக்கிறது.

இரண்டாவது, பெயரோடு வரும் பொறுப்பு. மொராவியர் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள். 1749ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பாராளுமன்றம் அவர்களுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு அளித்தது. அப்படிப்பட்ட சபையில் துப்பாக்கிப் பட்டறை எவ்வாறு எழுந்தது? எல்லைப்புறத்தில் துப்பாக்கி முதலாவது உணவுக்கான கருவி. மான் வேட்டையால் வாழ்ந்த குடியேறிகளுக்கும் பூர்வகுடி மக்களுக்கும் அது ஏரும் மண்வெட்டியும்போல் தேவைப்பட்டது. ஆயினும் அதே கருவி மனிதரையும் கொல்லும் என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். 1755ஆம் ஆண்டு நவம்பரில் பென்சில்வேனியாவின் நாடன்ஹூட்டனில் அவர்களுடைய மிஷன் வீடு தாக்கப்பட்டுப் பலர் மாண்டபின், பெத்லகேமிலேயே காவல் வைக்க நேர்ந்தது. 1775ஆம் ஆண்டு புரட்சிப்போர் வெடித்தபோது, வேட்டைக்கென்று வளர்ந்த ரைபிள் போர்க்களத்துக்குச் சென்றது. ஓர்ட்டர் 1777ஆம் ஆண்டு, முப்பது வயதளவில், போர் முடியுமுன்னே மரித்தார். 1782ஆம் ஆண்டு ஓஹியோ பகுதியில், அதே நாடன்ஹூட்டன் என்னும் பெயருடைய மற்றொரு மொராவிய மிஷன் ஊரில், ஆயுதமற்ற 96 பூர்வகுடிக் கிறிஸ்தவர்களைப் பென்சில்வேனியப் படையினர் கொன்றார்கள். ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் அதில் அடங்குவர். சமாதானத்தை நாடிய சபை, ஆயுதங்கள் நிறைந்த உலகின் நடுவில் நின்று, இருபுறமும் காயப்பட்டது.

இதற்கு எளிய தீர்ப்புச் சொல்ல நான் துணியேன். வேதாகமமும் உலோகத் தொழிலை ஒரே நிறத்தில் காட்டுவதில்லை. பித்தளையும் இரும்பும் வேலை செய்த முதல் கைவினைஞனாகிய தூபால்காயீன், கொலையைப்பற்றிப் பெருமையாய்ப் பேசின லாமேக்கின் மகன். சவுலின் நாட்களில் இஸ்ரவேலர் கலப்பைக் கொழுவைத் தீட்டவும் பெலிஸ்தரிடம் போகவேண்டியிருந்தது. கொல்லன் இல்லாத நாடு அடிமை நாடாகும் என்று அங்கே காண்கிறோம். பெசலெயேலையும் அகோலியாபையும் ஆண்டவர் பெயர்சொல்லி அழைத்து, பொன்னிலும் வெண்கலத்திலும் மரத்திலும் வேலைசெய்யும் ஞானத்தால் நிரப்பினார். இறுதியில் பட்டயங்கள் உழவுக்கருவிகளாக அடிக்கப்படும் நாளைத் தீர்க்கதரிசிகள் காட்டினார்கள். கொல்லனின் உலை அந்நாளிலும் அணைவதில்லை. அதில் உருவாகும் பொருள்தான் மாறுகிறது.

ஓர்ட்டர் தம் பெயரைப் பொறித்ததை நான் வெறும் பெருமையாக எண்ணவில்லை. 'இது என் கையின் வேலை. குறையிருந்தால் என்னைக் கேளுங்கள்' என்று சொல்லும் துணிவும் அதில் உண்டு. சரியாக ஒட்டப்படாத குழல் பயன்படுத்துகிறவரின் முகத்திலேயே வெடித்துவிடும். ஆகவே பெயர் பொறிப்பது ஓர் உத்தரவாதம். பொருள் எங்கே போகிறது, யார் கையில் என்ன செய்கிறது என்ற கேள்வியையும் அந்தப் பெயர் சுமந்து செல்கிறது. நாமும் நாள்தோறும் எத்தனையோ காரியங்களைச் செய்து உலகிற்குள் அனுப்புகிறோம். எழுதும் அறிக்கை, விற்கும் பொருள், கைப்பேசியில் அனுப்பும் செய்தி, பிள்ளைகள் காதில் விழும் சொல் ஆகிய இவற்றின்மேல் நம் பெயரைப் பொறிக்க மனமுண்டா?

அதே சமயம் பெயரில்லாதவர்களுக்கும் ஒரு ஆறுதல் இருக்கிறது. மொராவியரிடம் அழகிய வழக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு விசுவாசியும் தம் ஆவிக்குரிய வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதிவைப்பார். அடக்க ஆராதனையில் சபையார்முன் அது வாசிக்கப்படும். துப்பாக்கிக் கொல்லனும் துணி நெய்பவரும் சமையற்கார சகோதரியும் ஒன்றுபோல் நினைவுகூரப்பட்டார்கள். பெத்லகேம் ஆவணக் காப்பகத்தில் அவ்வரலாறுகள் ஆயிரக்கணக்கில் பேணப்படுகின்றன. ஒருவரைச் சந்தை நினைப்பது அவர் விட்டுச்சென்ற பொருளின் விலையைக் கொண்டு. அச்சபையோ அவர் எப்படி வாழ்ந்தார், யாரை நம்பி மரித்தார் என்பதைக் கொண்டு நினைத்தது. எருசலேமின் அலங்கம் கட்டப்பட்ட வரலாற்றை எழுதிய நெகேமியாவும் இப்படியே செய்தார். தட்டானையும் தைலக்காரனையும், தன் குமாரத்திகளோடு சேர்ந்து வேலைசெய்த சல்லூமையும் அவர் விட்டுவிடவில்லை.

இவ்வாரம் ஒரு காரியம் செய்வோம். நம் ஆலயத்தின் பீடத்தை இழைத்த தச்சர் யார், மணியை ஏற்றியவர் யார், சுவர் எழுப்ப மண் சுமந்த தாய்மார் யார் என்று மூத்தவர்களிடம் கேட்போம். தெரிந்ததைத் தெரிந்தபடியே எழுதுவோம். தெரியாத இடத்தில் நமக்கு விருப்பமான பெயரை எழுதாமல் வெறுமையாக விடுவோம். அந்த வெறுமையை நிரப்ப வல்லவர் ஒருவர் இருக்கிறார்.

ஜெபம்: எங்களை உருவாக்கிய ஆண்டவரே, எங்கள் கைகளின் வேலையை நேர்மையுள்ளதாக்கும். பிறர் உழைப்பின்மேல் எங்கள் பெயரை எழுதாதபடி எங்களைக் காத்தருளும். நாங்கள் செய்து அனுப்பும் யாவும் ஒருவருக்கும் தீங்காகாமல் நன்மையாக முடியச் செய்யும். மறக்கப்பட்ட உழைப்பாளிகளை நீர் மறவாதிருப்பதற்காக உம்மைத் துதிக்கிறோம். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.